பழைய காரைப் பூட்டி வைக்காதீங்க

ஆடி மாசம் ஒரு மத்தியானம், பெங்களூரிலிருந்து ஒருத்தர் எங்க தோட்டத்துக்கு வந்தார். முருங்கைக்காய் வாங்க வந்த வியாபாரியாக இருக்கும்னுதான் நினைத்தேன். வந்தவர் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஷெட்டுக்குப் போய், எங்க பத்மினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டரை லட்சம் தர்றேன் சார், இன்னிக்கே லாரியில ஏத்திக்கிறேன்" என்றார்.

எதுக்குங்கன்னு கேட்டேன். புதுசா ஒரு காபிக் கடை திறக்கிறாராம். எஞ்சினைக் கழற்றிவிட்டு, உள்ளே விளக்குப் போட்டு, வாசலில் நிறுத்தப் போகிறாராம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

ரெண்டரை லட்சம் சின்னத் தொகை இல்லை. போர்வெல் மோட்டார் மாற்ற வேண்டியிருக்கிறது, பாப்பாவுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது. நான் பேசாமல் அய்யன் முகத்தைப் பார்த்தேன். எங்க பக்கம் அப்பாவை அய்யன்னுதான் கூப்பிடுவோம். அவர் ஒண்ணும் சொல்லாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். "குடுக்கறதுன்னா குடு சாமி. அதுக்கு முன்னால ஒருக்கா ரேசுக்குப் போயிட்டு வந்துரலாம்."

அய்யனுக்கு வயசு 78. ரேஸ் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அதுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

எங்க வண்டி 1984-ஆம் வருசத்து பிரீமியர் பத்மினி. இத்தாலி ஃபியட் 1100-இன் நம்ம ஊர் வாரிசு. பம்பாய் குர்லாவில் செய்தது. 1089 சிசி எஞ்சின், ஸ்டீரிங் கம்பத்திலேயே கியர், முன்னால் நீட்டு சீட்டு. அய்யன் இதை செகண்ட் ஹேண்டாக வாங்கிய கொஞ்ச நாளில், மூணு சேக்காளிகளோடு சோழவரம் போனார். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயம் நடத்தும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக டிராக் வருவதற்கு முந்தைய காலம் அது. சோழவரத்தில் ஓடியதில் பாதி, நம்ம தெருவில் ஓடிய வண்டிகளேதான். ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசிடர் எல்லாத்தையும் பிரித்து மேய்ந்து ஓட்டுவார்கள். அய்யனும் சேக்காளிகளும் லாட்ஜுக்குக் காசு கொடுக்க மனசில்லாமல், வண்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து ரெண்டு ராத்திரி படுத்திருக்கிறார்கள். "நம்மது மாதிரியே ஒரு வண்டி, பேய் மாதிரி போச்சு பாரு" என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். சேக்காளிகள் மூணு பேரும் இப்போது இல்லை.

அதனால் போவது என்று முடிவானது. சோழவரத்தில் இப்போது பந்தயம் இல்லை. ஆனால் எங்களுக்குப் பக்கத்திலேயே, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில், 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. கோவைக்காரரான எஸ். கரிவர்தன் பெயரில் 2003-இல் வந்த டிராக். 1980-களின் கடைசியில், மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து, சாதாரண வீட்டுப் பையனும் ஓட்டிப் பழகுகிற மாதிரி பந்தயக் கார்களைக் கோயம்புத்தூரிலேயே செய்தவர் அவர். 1995-இல் வான் விபத்தில் இறந்துபோனார். நம்ம நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினாரே, அவரும் அதே ஊர்க்காரர்தான். கிணற்றுக்குப் பம்பு செய்த ஊர், பந்தயத்துக்குக் காரும் செய்தது. லேத்து ஓட்டத் தெரிந்த கைகள் இருந்தால் ரெண்டும் வரும்.

அரவக்குறிச்சிப் பக்கத்தில் எங்க ஊரிலிருந்து தாராபுரம், பல்லடம் வழியாக சுமார் 120 கிலோமீட்டர். செட்டிபாளையம் பக்கம் என் மச்சினனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சனி, ஞாயிறு பந்தயம். ராத்திரி தோப்பில் தார்ப்பாய் கட்டித் தங்கல். அய்யன் ஒரே ஒரு கண்டிசன் போட்டார்: "சாக்குல படுக்கற வயசு போச்சு. என்ற கயித்துக் கட்டில் வரோணும்."

120 கிலோமீட்டர் ஒரு தூரமான்னு கேட்பீங்க. உங்க புதுக் காரில் ரெண்டு மணி நேரம். எங்க வண்டி அதுக்கு முந்தைய மூணு வருசத்தில், ஊர்க் கோயிலையும் சந்தையையும் தாண்டிப் போனதில்லை. அதைத் தயார்ப்படுத்தப் போன மூணு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பள்ளப்பட்டியில் ஒரு மெக்கானிக் பாய் இருக்கிறார். எழுபதை நெருங்குகிறார். அய்யனை மாமா என்பார், என்னை மாப்ளே என்பார். வண்டியை இழுத்துக்கொண்டு போனதும் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. டயரைக் குனிந்து பார்த்தார்.

"பட்டன் நல்லாத்தானே இருக்கு பாய்?" என்றேன்.

"பட்டன் இருக்கு மாப்ளே, ரப்பர் இருக்குதா பாரு" என்று டயர் ஓரத்தை வளைத்துக் காட்டினார். காய்ந்த வண்டல் மாதிரி வெடித்துக் கிடந்தது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், பார்த்திருக்கீங்களா? முதல் ரெண்டும் வாரம், பின் ரெண்டும் வருசம். எங்களுடையதில் 2314 என்று இருந்தது. 2014-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் நின்ற வண்டியில் டயர் தேயாது, ஆனால் வயசாகும். இன்றைக்கே போய் உங்க காரில் இந்த எண்ணைப் பாருங்க. அது பழைய காருக்கு மட்டும் இல்லை.

அடுத்து பிரேக். இந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான். வீல் சிலிண்டர் ரெண்டு ஒழுகி, பிரேக் ஷூவெல்லாம் எண்ணெய் குடித்திருந்தது. ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டி, சிலிண்டருக்கு ரப்பர் கிட் மாற்றி, பழைய பிரேக் ஆயிலை முழுசாக இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினோம். பிறகு குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். பாப்பாவுக்கு அன்றைக்குக் காலேஜ் லீவு. உள்ளே உட்கார்ந்து மிதித்தாள். பாய் கீழே படுத்துக்கொண்டு, "மிதி கண்ணு... மிதி... மிதிச்சுப் புடி... விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டிலுக்குள் காற்றுக் குமிழி நிற்கும்வரை இதே வேலை. முதலில் பின்னால் தூரத்துச் சக்கரம், கடைசியில் டிரைவர் பக்கத்துச் சக்கரம்.

மூணாவது சக்கரத்தில் பாப்பா சொன்னாள்: "தாத்தா, நான் கீழ படுத்துக்கறேன், நீங்க மிதிங்க." பாய் ஒரு நிமிசம் அவளைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டார்.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, ஓஸ் ரெண்டும், ஃபேன் பெல்ட்டும் மாற்றினோம். பிளக், சி.பி. பாயின்ட் எல்லாம் துடைத்து இடைவெளி வைத்தோம். முன் சக்கர நிப்பிள்களில் பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து விழும்வரை புதுக் கிரீஸ் அடித்தோம். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரைச் சுரண்டிக் கட்டினோம். முன் சீட்டுக்கு அடியில் ரெண்டு கிலோ தீயணைப்பான் ஒன்று வாங்கி வைத்தேன். "வண்டிக்கு இது ஆகாத சகுனம்" என்று அய்யன் முணுமுணுத்தார். அது எவ்வளவு சரியான செலவு என்பது அடுத்த வாரமே தெரிந்தது.

பெரிய பயணத்துக்கு முன்னால் சின்னப் பயணம் போக வேண்டும் என்பது பாயின் சட்டம். "ஷெட்டுல ஸ்டார்ட் ஆகறது வண்டியே இல்ல மாப்ளே. நாப்பது கிலோமீட்டர் ஓடி, சூடாகி, நின்னு, மறுபடி ஸ்டார்ட் ஆச்சுன்னா வண்டி." அதனால் முருங்கைக் கட்டுகளை டிக்கியிலும் பின் சீட்டிலும் ஏற்றிச் சந்தைக்கு ஓட்டிப்போனேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது பெட்ரோல் வாடை. நிறுத்திப் பானெட்டைத் திறந்தால், டேங்க்கிலிருந்து வருகிற குழாயையும் பெட்ரோல் பம்பையும் சேர்க்கும் ரப்பர் ஓஸ் உப்பி, மெத்தென்று ஆகி, கிளிப் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே கொதிக்கிற எஞ்சின். கை காலெல்லாம் வெலவெலத்துவிட்டது.

அந்த ஓஸ் போன வருசம்தான் மாற்றியது. கடையில் சும்மா கிடைத்த சாதா ரப்பர். பாய் அதை நசுக்கிக் காட்டிச் சொன்னார்: "இப்ப வர்ற பெட்ரோல் பழைய பெட்ரோல் இல்ல மாப்ளே. இதுக்குள்ள சாராயம் இருக்கு."

இங்கேதான் ஒரு விவசாயியாக எனக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்குள் இந்த அளவை எட்டுவது என்று வைத்திருந்த இலக்கை, அரசு 2025-க்கே முன்னால் கொண்டுவந்துவிட்டது. எத்தனால் வருவது எங்க வயலிலிருந்துதான். கரும்பு, மக்காச்சோளம், குருணை அரிசி. மக்காச்சோளம் போட்டவனுக்குக் கோழித் தீவனக்காரரைத் தவிர இன்னொரு கிராக்கியும் வந்திருக்கிறது. அது எங்களுக்கு நல்லதுதான். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கு அதே காரணத்தால் தீவனச் செலவு ஏறுகிறது. அது வேறு பஞ்சாயத்து, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆனால் எத்தனாலுக்கு என்று சில குணங்கள் இருக்கின்றன. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வகை ரப்பரை உப்ப வைக்கும். டேங்க்கில் பல வருசமாகப் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டரில் அடைக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற சக்தியில் மூணில் ரெண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. அதனால் பழைய கார்புரேட்டர் வண்டிக்கு ஊற்றும்போது ஜெட் அளவு பொருந்தாமல் சூடும் கூடும். புதுசாக வரும் வண்டிகளை இதற்கென்று தயார் பண்ணி விடுகிறார்கள். 1984-இல் செய்தவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அதாவது, என் வயலில் விளைந்த சோளமே என் வண்டியின் குழாயைத் தின்றிருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. எண்ணெய்க்கு வெளிநாட்டுக்குப் போகிற காசில் ஒரு பங்கு எங்க ஊருக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நான் கேட்பது ஒன்றுதான். பத்து, இருபது வருசப் பழைய வண்டி வைத்திருப்பவன் எல்லாம் சேகரிப்பாளர் இல்லை. டி.வி.எஸ். மொபெட்டில் பால் கேன் கட்டிப் போகிறவன், பழைய வேனில் காய் ஏற்றுகிறவன், அவனும்தான். எந்த ஓஸ் தாங்கும், எது தாங்காது என்று ஒரு பலகை எந்தப் பங்க்கிலாவது பார்த்தீங்களா? கலப்பு குறைவான பெட்ரோல் வட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது கிடைக்கக் கூடாதா? மருந்து தெளிக்கச் சொல்கிறவன் முகமூடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமில்லையா?

சரி. எத்தனால் தாங்குகிற ஓஸ், பம்பு டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் மூணையும் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். டேங்க்கை இறக்கிக் கழுவினோம். பில்டர் ரெண்டு கூடுதலாக வாங்கினோம். டயரோடு சேர்த்து மொத்தச் செலவு முப்பத்தோராயிரம் ரூபாய். வீட்டில் கொஞ்சம் சத்தம் வந்தது. அதை இங்கே எழுத வேண்டாம்.

கிளம்பும்போது பாய் ஒரு மஞ்சப்பையைப் பாப்பாவிடம் கொடுத்தார். உள்ளே பாயின்ட் செட், கண்டன்சர், ரோட்டார், ஒரு பெல்ட், கிளிப்புகள், பியூஸ், கொஞ்சம் ஒயர். "உங்கொப்பன்கிட்டக் குடுக்காத. நீ வெச்சுக்க" என்றார்.

புரட்டாசி சனிக்கிழமை விடியக் காலையில் கிளம்பினோம். மேலே கேரியரில் கயித்துக் கட்டில், தார்ப்பாய், குடை. டிக்கியில் அடுப்பு, பத்து லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, கட்டுச்சோறு. கரி ஸ்பீட்வேக்குப் போறோம், ஆனா புரட்டாசிங்கறதால கறி கிடையாது என்று பாப்பா சொன்னதுக்கு அய்யன் தாராபுரம் வரை சிரித்துக்கொண்டே வந்தார். அறுபதுக்கு மேல் மிதிக்கவில்லை. கட்டில் ஏற்றின வண்டியை அதுக்கு மேல் ஓட்டக் கூடாது. பின்னால் வந்த கார்க்காரர்களெல்லாம் ஜன்னலை இறக்கிக் கை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் மட்டும், "குடி மாத்தறீங்களா?" என்று கேட்டார்.

குண்டடம் தாண்டியதும், காற்றாலைகளுக்கு நடுவில், வண்டி இருமியது. ரெண்டு தரம் இழுத்தது. நின்றது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அய்யனை வெயிலில் உட்கார வைத்துவிட்டு என்ன செய்வது? போனை எடுத்துப் பாயைக் கூப்பிட்டேன். "பாப்பாகிட்டப் போனக் குடு" என்றார். பாப்பா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினாள். என்னை உள்ளே உட்கார்ந்து செல்ப் அடிக்கச் சொல்லிவிட்டு, பாயின்ட்டில் பொறி எப்படி வருகிறது என்று பார்த்தாள். பாயின்ட் கருகி, மஞ்சளாகப் பொறி தெறிக்கிறது என்று சொன்னாள். "கண்டன்சர் போச்சு கண்ணு. பையில இருக்கறத மாத்து, பாயின்ட்டத் தேய்ச்சு விடு" என்றது குரல். ஒரு ஸ்க்ரூ, ஒரு ஒயர். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிசத்தில் வண்டி புறப்பட்டது. புதுக் காராக இருந்தால் இந்நேரம் லாரிக்குப் போன் பண்ணிவிட்டு, எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அய்யன் எதுவும் பேசவில்லை. பல்லடம் தாண்டி, "சோழவரத்துக்குப் போறப்பவும் இதேதான் போச்சு. திண்டிவனத்துக்கிட்ட. நாந்தான் மாத்தினேன்" என்றார்.

பந்தயத்தைப் பற்றிப் பெரிசாகச் சொல்ல எனக்குத் தெரியாது. டிராக் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சத்தம் நெஞ்சில் இடிக்கும். ஒத்தை ஆள் உட்காருகிற ஃபார்முலா எல்.ஜி.பி. கார்கள், சக்கரமெல்லாம் வெளியே தெரிய, ஒன்றை ஒன்று உரசாத குறையாகப் போயின. அதுக்குள் இருப்பதும் சாலையில் ஓடும் மாருதியின் 1300 சிசி எஞ்சின்தான் என்று சொன்னதும் அய்யனுக்குத் திருப்தி. சோழவரத்துக் கணக்கு இன்னும் மாறவில்லை.

அவரைப் பிடித்து வைத்தது ஓட்டம் இல்லை. நாங்கள் நின்ற வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கார் நின்றது. மேல் ஓட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். சின்னப் பையன் ஒருத்தன், கையெல்லாம் எண்ணெய், கீழே மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த ஓட்டத்துக்கு நேரம் கம்மி போல. இன்னொருத்தன் அவன் கையில் ஒவ்வொரு சாவியாக எடுத்து வைத்தான். அய்யன் அரை மணி நேரம் அங்கேயே நின்றார். "நம்ம பாயாட்டமே படுத்திருக்கான் பாரு" என்றார்.

ராத்திரி தோப்பில் தார்ப்பாய் கட்டினோம். மச்சினன் இளநீர் வெட்டிப் போட்டான். வண்டிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு அய்யன் படுத்துக்கொண்டார். எஞ்சின் ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் வருமே, அது நிற்கும்வரை தூங்கவில்லை. செத்துப்போன சேக்காளிகள் மூணு பேரின் பெயரையும் சொல்லி, சோழவரத்தில் யார் எந்தப் பக்கம் படுத்தார்கள் என்று பாப்பாவுக்குக் காட்டினார். எனக்கே அதுவரை தெரியாத கதைகள்.

நகரத்து நண்பர்களுக்கு இப்போது நான் சொல்ல வந்தது.

உங்களில் நிறையப் பேர் வீட்டில் இப்படி ஒரு வண்டி இருக்கும். தாத்தாவின் அம்பாசிடர், மாமாவின் லாம்பி ஸ்கூட்டர், அப்பாவின் ராஜ்தூத். ஒன்று, இரும்புக் கடைக்குப் போடலாமா என்று யோசிக்கிறீங்க. இல்லையென்றால் பாலிஷ் போட்டு, துணி மூடி, பூட்டி வைக்கிறீங்க. என் கணக்கில் ரெண்டும் ஒன்றுதான். ஓடாத வண்டியின் சீல் காயும், டேங்க் துருப்பிடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும். மாட்டைக் கட்டியே வைத்தால் குளம்பு வளர்ந்து நடக்க முடியாமல் போகுமே, அது மாதிரி.

அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. வண்டி ஓடாவிட்டால் பாய்க்கு வேலை இல்லை. பாயின் மகன் பட்டறைக்கு வரவில்லை, பைக்கில் பார்சல் கொண்டுபோகிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ரெண்டு கார்புரேட்டர் வண்டி வந்தால் அவன் எதை நம்பி உட்காருவான்? அந்தக் கை போய்விட்டால், நீங்க கோடி கொடுத்தாலும் உங்க வண்டி சிலைதான். எங்க ஊரில் கவலை இறைத்த சாலைக் கட்டுகளும், ஏர் செய்த ஆசாரியும் இப்படித்தான் போனார்கள். முதலில் வேலை போனது. பிறகு ஆள் போனார். கடைசியில் அந்த ஏர் ஒரு ரிசார்ட் வாசலில் வந்து நின்றது, வெள்ளை பெயின்ட் அடித்து.

எதிர்ப் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது. புகை புதுக் காரைவிட அதிகம். இதைத் தினம் ஆபீசுக்கு ஓட்டு என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளை அடைத்து நாலு வழிச் சாலையில் நூறில் போ என்றும் சொல்ல மாட்டேன். எங்க வண்டி வருசத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். சோதனை பண்ணட்டும். பிரேக் பிடிக்காத வண்டியை, கரும்புகை கக்குகிற வண்டியை நிறுத்தட்டும், அது என்னுடையதாக இருந்தாலும். நான் கேட்பது, வயசை மட்டும் பார்த்துத் தள்ளாதீங்க என்பதுதான். எங்க வண்டியைப் போன தடவை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோனபோது, முன்பு அறுநூறாக இருந்த கட்டணம் ஐயாயிரம் ஆகியிருந்தது. 2022-இல் ஏற்றியது. அஞ்சு வருசத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். அம்பது வயசு தாண்டினால் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு உண்டு. 2021-இல் வந்த விதி. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆக, எங்க பத்மினிக்கு இளமையும் போச்சு, முதுமைக்கான மரியாதையும் இன்னும் வரவில்லை. வந்தாலும் அந்த மரியாதை கண்ணாடிப் பெட்டிக்குள்தான்.

சட்டம் மாறும்போது மாறட்டும். உங்களால் இன்றைக்கே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வருசத்துக்கு ஒருமுறை அந்த வண்டிக்கு ஒரு பயணத்தைக் குறித்து வையுங்க. ரேசாக இருக்கலாம், குலதெய்வக் கோயிலாக இருக்கலாம். தேதி குறித்துவிட்டால் டயர் பார்ப்பீங்க, ஓஸ் பார்ப்பீங்க, ஒரு கிழட்டு மெக்கானிக்கைத் தேடிக் கண்டுபிடிப்பீங்க. அவர் கீழே படுக்கும்போது, உங்க பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்க. போனைப் பிடுங்க வேண்டாம், ஒரு சாவியைக் கொடுங்க, போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு திரும்பினோம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பெங்களூர்க்காரரைக் கூப்பிட்டு, விற்பனைக்கு இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். போர்வெல் மோட்டாருக்குச் சொசைட்டியில் கடன் கேட்டிருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியவில்லை.

பாப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளப்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுகிறாள். போன வாரம் ஒரு அம்பாசிடருக்குக் கிளட்ச் இறக்கினார்களாம். நகத்துக்குள் கிரீஸ் போக மாட்டேங்குது என்று அவள் அம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள். அய்யன் மட்டும் ஷெட்டுக்குப் போய், மஞ்சப்பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "கண்டன்சர் தீந்துபோச்சு. ரெண்டா வாங்கி வெச்சுரு" என்றார்.

அடுத்த வருசத்துக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரெண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.